வாங்கும் முன் எடை மேடை ஏற்றுங்கள்

சின்ன காஞ்சிபுரத்தில் பழைய லோடு வண்டி வாங்குகிறவர்களில் பலர் லாரித் தொழிலில் வளர்ந்தவர்கள் இல்லை. கூலி கட்டுப்படியாகாமல் தறியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேன் போடக் கிளம்பியவர், முகூர்த்த நாட்களை நம்பிப் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர், விடியற்காலையில் ராஜாஜி மார்க்கெட்டில் காய் ஏற்றி ஊர் ஊராக விற்கிறவர், மண்டியிலிருந்து அரிசி எடுத்துத் தெருக்கடைகளுக்குப் போடுகிறவர். நகையை அடகு வைத்தும் கைமாற்று வாங்கியும் இரண்டு மூன்று லட்சத்தைத் திரட்டுகிறார்கள். வண்டி பார்க்கப் போனால் என்ன மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எஃப்.சி. எதுவரை இருக்கிறது, கடைசி விலை என்ன என்று கேட்கிறார்கள். இந்த வண்டி எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும், "ஒரு டன் தாராளமா ஏத்தலாம்ணே, ஒண்ணும் ஆகாது" என்ற புரோக்கரின் பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது. நாளைக்கு நீங்கள் ஏற்றப்போகும் எடைதான் எந்த வண்டி உங்களுக்கு ஆகும் என்பதைச் சொல்லும். நேற்றுவரை அந்த வண்டி சுமந்த எடைதான் அது உங்களிடம் எத்தனை நாள் ஓடும் என்பதைச் சொல்லும்.

நம் தெருக்களில் அதிகம் கண்ணில் படுவது டாடா ஏஸ். 2005-ல் முக்கால் டன் வகுப்பில் வந்த வண்டி. வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளிலும் நெசவாளர் தெருக்களிலும் தடையில்லாமல் நுழைந்து திரும்பும் அளவு என்பதால் குட்டி யானை என்ற பெயரோடு இங்கே நிலைத்துவிட்டது. அதற்கு மேலே ஒன்றேகால் டன் வகுப்பில் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தது. பொலேரோ பிக்கப் இன்னும் கொஞ்சம் கனம் தாங்கும். இந்த 'டன்' கணக்கெல்லாம் விளம்பரத்துக்கும் பேச்சுக்கும் சரி. ஒரே பெயரில் பல மாடல்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் எடையும் வேறு. சட்டத்தின் கண்ணில் செல்லுபடியாவது அந்தக் குறிப்பிட்ட வண்டியின் ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் இரண்டு எண்கள்தான்.

ஒன்று அன்லேடன் வெயிட், அதாவது சரக்கில்லாத வெறும் வண்டியின் எடை. இன்னொன்று கிராஸ் வெயிட் அல்லது லேடன் வெயிட், வண்டியும் சரக்கும் சேர்ந்து இதற்கு மேல் போகக்கூடாது என்ற எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் கிடைப்பது ஏற்றக்கூடிய எடை. ஆனால் அது முழுவதும் சரக்குக்கு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் வெறும் வண்டியின் எடையைச் சொல்லும்போது டிரைவரையும் உதவியாளரையும் சேர்ப்பதில்லை. ஆகவே அவர்கள் இருவரின் எடையும் சரக்குக் கணக்கில்தான் விழும். உதாரணத்துக்கு, ஆர்.சி.யில் வெறும் வண்டி 840 கிலோ, மொத்த எடை 1,550 கிலோ என்று இருந்தால் வித்தியாசம் 710 கிலோ. டிரைவரும் லோடுமேனும் சேர்ந்து 140 கிலோ என்றால் சரக்குக்கு மிஞ்சுவது 570 கிலோ. புரோக்கர் சொன்ன 'ஒரு டன்'னில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போய்விட்டது.

அந்த 570 கிலோவில் நம் ஊர்ச் சரக்கு எவ்வளவு அடங்கும் என்று பாருங்கள். பட்டுச் சேலை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். இருநூறு சேலையைப் பெட்டியோடு ஏற்றினாலும் வண்டிக்கு அது சுமையே இல்லை. பட்டுக்கடைக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு எடைப் பிரச்சினை வராது. மழை நனையாத கூண்டு பாடி போதும். தண்ணீர் கேன் அப்படியில்லை. 20 லிட்டர் கேன் ஒன்று, கேனின் எடையும் சேர்த்து, 21 கிலோவுக்குக் குறையாது. 27 கேனோடு கணக்கு முடிந்தது. இரண்டு அடுக்காக ஐம்பது கேன் அடுக்கிக்கொண்டு போகும் வண்டி ஏறத்தாழ அரை டன் கூடுதலாகச் சுமக்கிறது. 26 கிலோ அரிசி மூட்டை என்றால் 21. சிமெண்டு மூட்டை 11. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இரண்டு முதல் மூன்று கிலோ என்பதால் 200 நாற்காலியிலேயே எடை நிறைந்துவிடும். அதற்கு மேல் ஷாமியானா இரும்புக் குழாயும் சமையல் அண்டாவும் ஏற்றுவதென்றால் இரண்டு நடை போக வேண்டும், அல்லது பெரிய வண்டி வேண்டும்.

இதில் மிகவும் ஆபத்தானது எம்-சாண்ட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கன அடிக்கு 45 கிலோ என்று குறைத்துப் போட்டாலும் கால் யூனிட் 1,100 கிலோவைத் தாண்டும். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். வீட்டுக்கு மராமத்து வேலை பார்க்கும் எவரும் "குட்டி யானையில கால் யூனிட் போட்டு அனுப்புங்க" என்று போனில் சொல்வது வழக்கம். அந்த ஒரு வாக்கியத்தில் வண்டியின் தாங்குதிறனைப்போல் இரண்டு மடங்கு எடை ஏறிவிடுகிறது. தட்டில் பார்த்தால் முக்கால்வாசிகூட நிறைந்திருக்காது. அதனால்தான் டிரைவருக்கே அது ஓவர்லோடு என்று தோன்றுவதில்லை.

இந்தக் கணக்கைப் போட்டு, வழக்கமாக ஏற்றப்போகும் சரக்கில் மிகக் கனமானது எது என்று பார்த்து, அதற்கேற்ற வண்டியை முடிவு செய்யுங்கள். பிறகு விலைக்கு வாருங்கள்.

எங்கள் தெருவில் பரம்பரையாக நெசவு பார்த்த குடும்பத்துப் பையன் ஒருவன் அரிசி போடுவதற்காகப் பழைய குட்டி யானை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். வண்டி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. புதுப் பெயின்ட், கேபினுக்கு மேலே கேரியர், தட்டு முழுக்கச் செக்கர் பிளேட், பக்கப் பலகைகளை ஒரு அடி உயர்த்தி இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். விற்றவர் அதையெல்லாம் ஒரு சிறப்பாகவே காட்டினார். "பாடிக்கே நாப்பதாயிரம் செலவு பண்ணியிருக்கேன் தம்பி." நாங்கள் அவரையும் உட்கார வைத்துக்கொண்டு வண்டியைப் பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கமுள்ள ஓர் எடை மேடைக்கு ஓட்டிப்போனோம். எல்லோரும் இறங்கிய பிறகு வெறும் வண்டியின் எடை 965 கிலோ என்று சீட்டு வந்தது. ஆர்.சி.யில் 840. நாற்பதாயிரம் செலவில் 125 கிலோ இரும்பை ஏற்றி வைத்திருக்கிறார்கள். 21 மூட்டை அரிசி போக வேண்டிய வண்டியில் இனி 17 மூட்டைதான் போகும். அந்த வண்டியை அவன் வாங்கவில்லை.

இதில் நஷ்டம் நான்கு மூட்டையோடு நிற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-வது பிரிவு மொத்த எடையை மட்டும் சொல்லிவிட்டு ஓயவில்லை. வெறும் வண்டியின் எடை ஆர்.சி.யில் உள்ளதைவிட அதிகமாக இருந்தாலும் அந்த வண்டியை ஓட்டக்கூடாது என்கிறது. ஒரு மூட்டைகூட ஏற்றாமல் போகும்போதே அந்த வண்டி சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறது. அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது. மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்பது 182ஏ பிரிவு. எடை மேடைக்கு ஆகும் செலவு இதற்கெல்லாம் முன்னால் ஒன்றுமே இல்லை. எடைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வெறும் எடை கூடுதலாக இருந்தால், பாடியைப் பழையபடி ஆக்கித் தந்தால் வாங்குகிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

ஓவர்லோடு அடித்த வண்டியைக் கண்டுபிடிக்க அதிகம் படித்திருக்கத் தேவையில்லை. குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். காலியாக நிற்கும்போதே வண்டியின் பின்பக்கம் இறங்கியிருக்கிறதா, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று மட்டும் புதிதாக, வேறு நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் பட்டை போட்டால் வண்டி படுக்காது என்பது உண்மை. ஆனால் ஸ்பிரிங் தாங்கிவிட்டது என்பதற்காக ஹவுசிங்கும் சேஸும் பிரேக்கும் தாங்கிவிடாது. ஸ்பிரிங் சேஸில் மாட்டியிருக்கும் இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். பற்றவைத்த தடம், அதன் மேல் பூசிய கறுப்பு பெயின்ட், துருவில் ஓடும் மெல்லிய கோடு, இவற்றில் எது தெரிந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். சேஸ் விரிசல் விட்ட வண்டியை எந்தப் பட்டறையும் முழுதாகக் குணப்படுத்தித் தர முடியாது.

பிறகு ஓட்டிப் பாருங்கள். காலியாக அல்ல, விற்பவர் சம்மதித்தால் அனுமதிக்கப்பட்ட அளவில் பாதி லோடு ஏற்றி. நாற்பது ஐம்பது வேகத்தில் பின்னாலிருந்து ஊளையிடும் சத்தம் வந்தால் கிரவுன் பினியன் தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் கூடியும் வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் பிளேட். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்; புகை தள்ளிக்கொண்டு வந்தால் பேக் கம்ப்ரஷன் இருக்கிறது என்று மெக்கானிக் சொல்வார். அந்த வேலைக்கு ஆகும் தொகையை விலையில் கழிக்காமல் பேச்சை முடிக்காதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ்.6 வண்டிகள். அவற்றின் டீசல் இன்ஜின்களில் புகை சுத்திகரிப்பு பாகங்களும் சென்சார்களும் அதிகம், தெருமுனைப் பட்டறையில் எல்லாம் சரிசெய்ய முடியாது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் "அது சும்மா எரியும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

டயரில் பட்டன் ஆழத்தைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் புதிதாகத் தெரிந்தும் எண் பழையதாக இருந்தால் ரப்பர் இறுகிப்போயிருக்கும், அல்லது அது ரீட்ரெட் டயர். கனம் ஏறும்போது முதலில் சூடாவது டயர்தான். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர்களின் கதை பெரும்பாலும் காற்றுக் குறைவிலும் கூடுதல் லோடிலும் தொடங்குகிறது.

ஓவர்லோடு ஏன் கொல்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓடும் வண்டியின் வேகசக்தியைத்தான் பிரேக் உறிஞ்சுகிறது. அதே வேகத்தில் எடை இரண்டு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தியும் இரண்டு மடங்கு. ஆனால் டிரம்மும் லைனிங்கும் அதேதான். வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காது. சிறிய வண்டியில் இன்னொரு சிக்கல், சரக்கெல்லாம் பின் அச்சுக்குப் பின்னால் குவிந்தால் முன் சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். திடீரென்று ஒடித்துத் திருப்பும்போது வண்டி டிரைவரின் பேச்சைக் கேட்காது. பள்ளி விடும் நேரத்தில், குழந்தைகள் சைக்கிளில் குறுக்கே வரும் தெருவில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. சாலைக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில், ஓர் அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று கண்டார்கள். குவாரி லாரிகள் போகும் சாலைகளை நம் மாவட்டத்தில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இனி காகிதம். லோடு வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண்ணையும் சேஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பதிவு ஆகியவை தெரியும். நிலுவை இ-சலான் இருந்தால் அதுவும் தெரியும். எஃப்.சி.யை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். 56-வது பிரிவின்படி நடப்பில் எஃப்.சி. இல்லாத லோடு வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. ஒன்பது வயது வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால், ஆண்டுதோறும் எஃப்.சி.க்காக டிங்கரிங், பெயின்ட், பிரேக் என்று செலவாகும் தொகையும் சேர்ந்ததுதான் அதன் விலை. பர்மிட்டைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று 66-வது பிரிவே விலக்கு தந்திருக்கிறது.

ஃபைனான்ஸ் வண்டியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "டியூ எல்லாம் கட்டி முடிச்சாச்சு, என்.ஓ.சி. அடுத்த வாரம் வந்துடும்" என்ற பேச்சில் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்து, ஆர்.சி.யிலிருந்து அடமானப் பதிவு நீங்கும்வரை ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றம் வாங்குபவரைவிட விற்பவருக்கு முக்கியம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நம் ஊரில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டியை மறந்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தந்த தீர்ப்பை விற்பவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியது. ஆனால் ஆர்.சி.யில் முதலாமவர் பெயரே இருந்தது. 2009-ல் அது விபத்தில் சிக்கி உயிரிழப்பு ஏற்பட்டது. வண்டி யார் கையில் இருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. விற்றவர் தன் ஒப்புகைச் சீட்டின் நகலை வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

ஆட்டோ கன்சல்டிங் மூலம் வாங்கினால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர் வண்டியை அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், அந்த வண்டிக்கு வியாபாரியே பொறுப்பாளராகிறார். சான்று இருக்கிறதா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது.

வாங்கிய பிறகு இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு சேர்ந்து புதிய உரிமையாளருக்கு மாறிவிட்டதாக 157-வது பிரிவு கருதுகிறது. ஆனால் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக மாறாது என்பதை 1995-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பழையவர் பெயரில் பாலிசி இருக்கும்போது வண்டி கவிழ்ந்தால் உங்களுக்குப் பைசா வராது. ஓவர்லோடும் இங்கே குறுக்கே வரும். அமலேந்து சாஹு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய வழிகாட்டுதலின்படி, அனுமதித்ததற்கு மேல் லோடு ஏற்றிய வண்டிக்கு, கிடைக்க வேண்டிய தொகையில் 75 விழுக்காட்டுக்கு மேல் தரத் தேவையில்லை.

வைகாசி கருடசேவைக்கும் குலதெய்வக் கோயில் பொங்கலுக்கும் இந்த வண்டிகளின் பின்தட்டில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ போனால் இன்சூரன்ஸ் காக்கும். சும்மா ஏறிக்கொண்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது இழப்பீடு முழுவதும் வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். உறவுக்காரர்களிடம் "அண்ணி, கோவிச்சுக்காதீங்க, பஸ்ல போயிடலாம்" என்று சொல்லிவிடுவது இரண்டு வீட்டுக்கும் நல்லது.

ஓவர்லோடு அபராதம் 2019 திருத்தத்துக்குப் பிறகு கடுமையானது. 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய், அதோடு கூடுதல் எடையில் டன்னுக்கு 2,000 ரூபாய், இறக்கும் செலவும் நம்முடையது. கூடுதல் சரக்கை இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது. பந்தல் குழாய், மூங்கில் போன்றவை பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ அனுமதிக்கு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. எடை போட மறுத்து ஓட்டிக்கொண்டு போனால் 40,000. குட்டி யானைக்காரரின் ஒரு மாத வருமானம் ஒரே சலானில் போய்விடும்.

ஆனால் அதிகாரிக்கும் வரம்புகள் இருக்கின்றன, டிரைவர்கள் அவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து "ஓவர்லோடு" என்று முடிவு கட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் எடை போடச் சொல்லலாம். நீங்கள் போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேர வேண்டிய இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்கும் எடை மேடைக்கு அழைத்துப் போகலாம். எடை கூடுதல் என்று தெரிந்தால் சரக்கை இறக்கும் உத்தரவை எழுத்தில் தர வேண்டும் என்கிறது 114-வது பிரிவு. எடைச் சீட்டையும் எழுத்து உத்தரவையும் மரியாதையாகக் கேளுங்கள். ரசீதில்லாத பணம் கேட்டால், லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் செய்யலாம்.

கூலிக்கு ஓட்டும் டிரைவருக்கும் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. தண்டனை ஓட்டியவருக்கு மட்டும் அல்ல, ஓட்டச் செய்தவருக்கும் அனுமதித்தவருக்கும் உண்டு. டிரைவர் வேறு, உரிமையாளர் வேறு என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின் பேரிலோதான் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். "இன்னும் பத்து மூட்டை போட்டுக்கப்பா" என்று முதலாளி சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். லைசென்ஸ் விஷயத்திலும் டிரைவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி பேட்ஜ் இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. பேட்ஜ் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி பணம் மறுத்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? வியாபாரியிடம் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. "தொழிலுக்கு வாங்கினது, அதனால நீ நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாகத் தானே ஓட்டிப் பிழைப்பு நடத்த வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக எழுதியது. அந்த வழக்கைப் போட்டவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. ஆனால் தானே ஓட்ட ஆட்டோவோ டிரக்கோ வாங்குகிறவருக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் கை கொடுக்கிறது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவருக்கு இந்தக் கதவு திறக்காது. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பாருங்கள்; பல வியாபாரிகள் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள்.

தனி நபரிடம் வாங்கியிருந்தால் பாதை வேறு. அவர் வியாபாரி அல்ல என்பதால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் உதவாது. வண்டி பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பது 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. ஆனால் விற்கும் உரிமையே இல்லாதவர், திருட்டு வண்டியையோ ஃபைனான்ஸ் தீராத வண்டியையோ மறைத்து விற்றால், பணத்தைத் திரும்பக் கேட்டு சிவில் வழக்கும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. நீதிமன்ற வளாகத்தில் நேரில் போகலாம், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேச்சு நடந்த வாட்ஸ்அப், வங்கி வழியாகப் பணம் போன விவரம், மீட்டரின் படம், கிலோமீட்டரும் விபத்து விவரமும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தம், எடை மேடைச் சீட்டு. வண்டி எடுக்கும் அன்றே இவற்றை ஒரு கவரில் போட்டு வீட்டில் வையுங்கள். வண்டியின் டேஷ்போர்டில் வேண்டாம். வண்டியே பறிமுதலானால் கவரும் சேர்ந்து போய்விடும்.